மானியம் நின்ற பிறகு: மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலும் கட்டணம் கட்ட இயலாத மாணவர்களும்

ஆய்வின் எல்லை

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1515-இல் நிறுவப்பட்ட மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல், அந்நாட்டின் பழமையான தனியார் பள்ளிகளுள் ஒன்று. ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி; விடுதி கிடையாது; மாணவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிறார்கள். உயர்நிலை வகுப்புகளுக்கான முக்கியச் சேர்க்கை பதினோரு வயதில், நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. இன்று அதன் செலவில் பெரும்பகுதியைப் பெற்றோர் செலுத்தும் கட்டணமே தாங்குகிறது.

அரசிடமிருந்து வந்துகொண்டிருந்த பணம் 1976-இலும் 1997-இலும் என இருமுறை நின்றபோது அப்பள்ளி என்ன செய்தது, ஏன் செய்தது, அதனால் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கைநழுவியது என்பதே இவ்வாய்வின் பொருள். அண்மைக்காலப் பொறுப்பாளர்கள் பதவிப் பெயரால் மட்டும் குறிக்கப்படுகிறார்கள். அங்கே தலைமையாசிரியரை ‘ஹை மாஸ்டர்’ என்று அழைப்பது மரபு. இங்கும் அப்பெயரே கையாளப்படுகிறது. பள்ளியின் தேர்ச்சிப் பெருமையும் புகழ்பெற்ற பழைய மாணவர் வரிசையும் வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டதால் அவற்றை விட்டுவிட்டேன்.

பின்னணி: ஆலைக் காசில் நடந்த பள்ளி

பள்ளியை நிறுவியவர் லங்காஷயரில் பிறந்து எக்ஸிட்டர் மறைமாவட்டத்தின் ஆயராக உயர்ந்த ஹியூ ஓல்டம். அவர் 1519-இல் காலமானார். பள்ளியின் நடைமுறையை வரையறுக்கும் ஆவணம் 1525-இல் எழுதப்பட்டது. எந்த ஊர், எந்த மாவட்டத்துப் பையனாக இருந்தாலும், தொற்றக்கூடிய கொடிய பிணி இருந்தாலொழிய அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அது விதிக்கிறது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. சேரும்போது ஒவ்வொருவனும் ஒரு பென்னி கொடுக்க வேண்டும். அந்தக் காசும் பள்ளிக்குப் போகாது, பதிவேட்டில் பெயர்களை எழுதிப் பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஏழை மாணவர் இருவருக்கே போகும். அக்காலப் பள்ளிகளில் சேவல் சண்டை நடத்துவதும், அதன் பெயரால் பிள்ளைகளிடம் காசு பிரிப்பதும் பரவலான வழக்கம். இந்த ஆவணம் சேவல் சண்டையையே வெளிப்படையாகத் தடை செய்கிறது. கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு வேறு வழியில் வசூலிப்பது அன்றைய பள்ளிகளில் புதிதல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னர் வரும் பகுதிகளில் அதற்குத் தேவை இருக்கிறது.

இலவசக் கல்விக்கான பணம் இர்க் ஆற்றங்கரையில் இருந்த தானிய ஆலைகளிலிருந்து வந்தது. நகர மக்கள் தங்கள் தானியத்தை அந்த ஆலைகளில்தான் அரைக்க வேண்டும் என்ற பழைய உரிமை ஆலைகளோடு சேர்ந்தே பள்ளிக்குக் கிடைத்திருந்தது. ஆகவே நகரத்தில் ரொட்டி தின்னும் ஒவ்வொரு குடும்பமும், தன் பிள்ளை அங்கே படித்தாலும் படிக்காவிட்டாலும், மறைமுகமாகப் பள்ளிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நகரம் பெருத்து, ஆலைகள் ஈடுகொடுக்க முடியாமல் போய், ஆலைக் குத்தகைக்காரர்கள்மீது மக்கள் கோபம் முற்றிய நிலையில், மால்ட் (மது வடிக்க முளைகட்டி உலர்த்திய தானியம்) நீங்கலாக மற்றத் தானியங்களை எங்கு வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம் என்று 1758-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏழைக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் விலையை ஏழையின் மாவு மூட்டையே சுமந்தது என்ற முரணை, பள்ளியின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் தொடுவதில்லை.

மால்ட் வருமானம் மட்டும் எஞ்சிய காலத்தில் இன்னொரு போக்கு வளர்ந்தது. ஹை மாஸ்டரும் உதவி ஆசிரியர்களும் வெளியூர்ச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்து, அதற்குத் தனியே பணம் பெற்றார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த சொத்தின் பயன் விருந்தாளிகளுக்குப் போகிறது என்று ஊரார் நீதிமன்றம் ஏறினார்கள். 1830-களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்த அந்த வழக்கில், தங்கிப் படிப்பவர்களுக்கு அறக்கட்டளையின் பயன் உரியதன்று என்ற திசையில் தீர்ப்பு அமைந்தது. இன்றுவரை இது விடுதியில்லாப் பள்ளியாக இருப்பதற்கு அந்த வழக்கு முக்கியக் காரணம். ஆனால் தங்கிப் படித்தவர்கள் போனதோடு வருமானமும் போனது. 1860-களில் பள்ளியை விரிவாக்க முனைந்த ஹை மாஸ்டர், இலவச இடங்களோடு கட்டண இடங்களையும் சேர்க்க அனுமதி கோரினார். நகரில் கடும் எதிர்ப்புக்கிடையே 1867-இல் அது கிடைத்தது. அன்று முதல், ‘யாரையும் திருப்பி அனுப்பாதே’ என்ற விதியோடு ‘பணம் யார் தருவார்?’ என்ற கேள்வியும் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது.

ஒரு மாணவன் வராமல் போன கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பருத்தி ஆலைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு இப்பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. உதவித்தொகை போக எஞ்சியிருந்த சிறு தொகையைக் குடும்பத்தால் கட்ட இயலவில்லை. இடத்தை மறுத்துவிட்டு, அவன் நகராட்சி நடத்திய வேறொரு பள்ளியில் சேர்ந்தான். அவர் பெயர் ஜேம்ஸ் சாட்விக்; 1932-இல் நியூட்ரானைக் கண்டறிந்து 1935-இல் நோபல் பரிசு பெற்றவர்.

பின்னாளில் அவர் பெரியவரானார் என்பதால் இதைச் சொல்லவில்லை. அவர் பெயர் தெரிந்ததால்தான் இந்த மறுப்பு பதிவில் நின்றது. ஒரு பள்ளி தன் ஆவணங்களில் சேர்ந்தவர்களை மட்டுமே வைத்திருக்கும். தேர்வில் தேறி, இடமும் கிடைத்து, கடைசிச் சில ஷில்லிங்குகளுக்காக வராமல் போனவர்களின் பட்டியல் எந்தப் பள்ளியிலும் இராது. இவ்வாய்வு எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் அந்த இல்லாத பட்டியலைப் பற்றியவையே.

அரசுப் பணத்தின் காலம்: 1907 முதல் 1975 வரை

அரசு மானியம் பெறும் இடைநிலைப் பள்ளிகள் தங்கள் இடங்களில் கால் பங்கைத் தொடக்கப்பள்ளி மாணவருக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று 1907-இல் விதி வந்தது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பின், மத்திய அரசே பள்ளிக்கு நேராகப் பணம் தரும் நேரடி மானிய முறை புதிய வடிவம் பெற்றது. தமிழ்நாட்டு வாசகர் இதை அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஓரளவு நெருக்கமானதாகக் கொள்ளலாம். ஆனால் ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், மாணவர் தேர்வு ஆகிய மூன்றும் பள்ளியின் கையிலேயே இருந்தன. கால் பங்கு இடங்கள், அரசுத் தொடக்கப்பள்ளியில் குறைந்தது இரண்டு ஆண்டு படித்தவருக்கு முழு இலவசம். சுற்றியுள்ள உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் மேலும் ஒரு கால் பங்கைத் தங்கள் மாணவருக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதியிடங்களுக்குப் பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம், குறைக்கப்பட்ட தொகையை அரசு ஈடுசெய்யும்.

இந்த ஏற்பாடு மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்தியது. நகர மையத்தில், பேராலயத்தை ஒட்டியிருந்த பழைய இடத்தைவிட்டு 1931-இல் பள்ளி தெற்கே ரஷோமுக்கு இடம்பெயர்ந்திருந்தது. ரயிலிலும் பேருந்திலும் சுற்றுவட்டாரத் தொழில் நகரங்களிலிருந்து மாணவர் வந்தார்கள். 1945 முதல் 1962 வரை ஹை மாஸ்டராக இருந்து, பிறகு யார்க் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான எரிக் ஜேம்ஸ், குடும்பப் பின்னணி பாராமல் கூர்மையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு ஆகச்சிறந்த கல்வி தருவதே ஜனநாயகத்துக்குச் செய்யும் சேவை என்று வெளிப்படையாக வாதிட்டவர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உதவித்தொகைப் போட்டிகளில் பள்ளி நாட்டின் முன்னணியில் நின்றது அவர் காலத்தில்தான்.

அவருடைய வாதத்தில் ஒரு வலுவீனம் இருந்தது. பதினோரு வயதில் யார் கூர்மையானவர் என்பதை ஒரு தேர்வு தீர்மானிக்கும்போது, வீட்டில் புத்தகமும் படிக்க மேசையும் உள்ள பிள்ளை முன்னால் நிற்கிறது. கட்டணத்தை நீக்குவதால் அந்த முன்னிலை நீங்குவதில்லை. ஆயினும் நான் பார்த்த அளவில், இப்பள்ளியின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் கட்டணம் பற்றிய கவலையின்றி அதிகம் பேர் உள்ளே வந்த காலம் இந்த முப்பது ஆண்டுகளே என்று கொள்ள இடமிருக்கிறது.

முதல் நெருக்கடி: 1975

1965-இல் அரசு வெளியிட்ட 10/65 என்ற சுற்றறிக்கை, பதினோரு வயதில் பிள்ளைகளைத் தரம்பிரிக்காத பொதுப் பள்ளி முறைக்கு மாறும்படி உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. மான்செஸ்டர் மாநகராட்சி 1967-இல் மாறியது. அதன்பின் ஒரு விசித்திர நிலை உருவானது: மாநகராட்சி தன் பள்ளிகளில் தேர்வை ஒழித்துவிட்டது, அதே நகரில், தேர்வு வைத்து மாணவரைப் பொறுக்கும் ஒரு பள்ளிக்கு மத்திய அரசு பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. நேரடி மானியப் பள்ளிகளை ஆராய்ந்த ஆணையம் 1970-இல் தன் அறிக்கையில் இந்த முரணைச் சுட்டி, அவை பொதுப் பள்ளி முறையில் சேர வேண்டும் அல்லது மானியம் இன்றி நடக்க வேண்டும் என்ற திசையைக் காட்டியது. 1974-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே விதிமுறை வெளியானது: 1976 செப்டம்பர் முதல் புதிதாகச் சேர்வோருக்கு மானியம் இல்லை, ஏற்கெனவே படிப்பவர்களுக்கு மட்டும் அவர்கள் படிப்பு முடியும்வரை தொடரும்.

ஏறத்தாழ 175 பள்ளிகள் இந்த முடிவை எதிர்கொண்டன. கத்தோலிக்கப் பள்ளிகள் பல அரசு முறையில் இணைந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியார் பள்ளியாகத் தொடர்ந்தன. மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலின் ஆட்சிக்குழு எடுத்ததும் தனித்து நிற்கும் முடிவே.

அம்முடிவை அன்றைய சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுப் பள்ளியாக மாறியிருந்தால், மாணவர் சேர்க்கை அருகிலுள்ள பகுதியோடு சுருங்கியிருக்கும். பல நகரங்களிலிருந்து ஒருசேர மாணவரைப் பெறும் இயல்பு போயிருக்கும். 1974 ஏப்ரலில் உள்ளாட்சி எல்லைகள் திருத்தப்பட்டு, பத்து மாவட்டங்கள் கொண்ட பெருநகர் மான்செஸ்டர் உருவாகியிருந்தது. இத்தனை நிர்வாகங்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளியை எந்த ஒரு நிர்வாகமும் தன்னுடையதாக ஏற்று நடத்துவது எளிதன்று. உயர்நிலைக் கணிதமும் செம்மொழிகளும் கற்பிப்பதற்கென்றே ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த ஆசிரியர் குழுவைக் கலைக்கவும் பள்ளி விரும்பவில்லை. இவை நியாயமான காரணங்கள்.

நியாயமான காரணங்களோடு எடுத்த அம்முடிவுக்குப் பணம் கையில் இல்லை. 1974-இல் ஆசிரியர் ஊதியம் பெருமளவு உயர்த்தப்பட்டிருந்தது. 1975 ஆகஸ்டில் பிரிட்டனின் பணவீக்கம் 26.9 விழுக்காட்டைத் தொட்டது. இலவச இடங்களின் செலவை அதுவரை அரசும் உள்ளாட்சிகளும் ஏற்றுவந்ததால், அதற்கென்று தனி மூலநிதி திரட்டும் தேவையைப் பள்ளி உணரவில்லை. ஆலைகள் தந்த வருமானக் காலம் போய் ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆக, 1976-இல் பள்ளி தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அதன் விலை, அந்த ஆண்டு முதல் பதினோராவது வயதை எட்டிய, கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளின் கணக்கில் எழுதப்பட்டது.

1981 முதல் 1997 வரை: இரண்டாம் அரசுப் பணம்

1979-இல் ஆட்சி மாறியது. 1980 கல்விச் சட்டத்தின்கீழ், தனியார் பள்ளியில் இடம்பெறும் பிள்ளையின் கட்டணத்தைப் பெற்றோர் வருமானத்துக்கேற்ப அரசே செலுத்தும் திட்டம் 1981 செப்டம்பரில் தொடங்கியது. இத்திட்டம் படிப்புக் கட்டணத்தை மட்டுமே ஏற்றது, விடுதிச் செலவை ஏற்கவில்லை. அதனால் விடுதியில்லாத நகரப் பள்ளிகளே இதில் பெரிதும் பயன்பெற்றன. முன்னாள் நேரடி மானியப் பள்ளிகள் முன்வரிசையில் நின்றன.

பள்ளியின் பார்வையில், இடையில் விட்ட ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பழைய நிலை ஏறக்குறையத் திரும்பிவிட்டது. ஆனால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நேரடி மானியக் காலத்தில் உள்ளாட்சி அமைப்பே தொடக்கப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அனுப்பியது; ஆசிரியர் பார்த்து, பெயர் கொடுத்து, தேர்வு எழுதவைத்தார். புதிய திட்டத்தில் பெற்றோரே விவரம் அறிந்து, விண்ணப்பம் வாங்கி, வருமானச் சான்று இணைத்து, பள்ளியின் கதவைத் தட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த பெற்றோர் யார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். 1980-களின் இறுதியில் நாடளாவிய அளவில் நடந்த ஆய்வு, திட்டத்தின் பயனாளர்களில் வருமானம் குறைந்தவர்கள் இருந்தபோதிலும், உடலுழைப்புத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிறுபான்மையே என்றும், படித்த, ஆனால் பிரிவாலோ இழப்பாலோ வருமானம் சரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் கணிசம் என்றும் காட்டியது. அக்குடும்பங்களுக்கு உதவி தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. திட்டம் யாரைச் சேர வேண்டும் என்று மேடையில் சொல்லப்பட்டதோ, அவர்களை முழுமையாகச் சென்றடையவில்லை என்பதே பொருள்.

இந்தப் பதினாறு ஆண்டுகளில் செய்திருக்கக்கூடிய, ஆனால் செய்யாமல் விட்ட ஒன்று உண்டு. ஒருமுறை அரசு கைவிட்டதைக் கண்ட பள்ளி, அரசுப் பணம் மீண்டும் வந்த காலத்திலேயே தன் சொந்த நிதியைத் திரட்டத் தொடங்கியிருக்க வேண்டும். தேவை கண்முன் தெரியாதபோது நன்கொடை கேட்பது கடினம் என்பது உண்மைதான். எந்தக் கட்சி வென்றால் இத்திட்டம் நிறுத்தப்படும் என்பதும் அந்தப் பதினாறு ஆண்டும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இரண்டாம் நெருக்கடியும் உதவித்தொகை நிதியும்: 1997-க்குப் பின்

1997 மே மாதம் தொழிற்கட்சி வென்றது. அதே ஆண்டுச் சட்டம் திட்டத்தைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்தது; மிச்சமாகும் பணத்தை அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளின் வகுப்பு அளவை முப்பதுக்குள் குறைக்கச் செலவிடுவதாக அரசு அறிவித்தது. கொள்கை அளவில் அதைக் குறை கூற முடியாது. ஒரு நகரப் பள்ளியில் சில நூறு பேருக்குப் போன பணம், நாடெங்கும் பல ஆயிரம் பிள்ளைகளின் வகுப்பறைக்குப் போனது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் படிப்பை முடிக்க அனுமதிக்கப்பட்டதால், பள்ளிக்கு அவகாசம் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணி வெளியேற, அந்த இடங்கள் கட்டண இடங்களாக மாறும் என்பது கண்கூடாகத் தெரிந்த கணக்கு.

இம்முறை பள்ளி வேறு விதமாக நடந்துகொண்டது. அன்றைய ஹை மாஸ்டரும் ஆட்சிக்குழுவும் பழைய மாணவரிடமும் வணிக நிறுவனங்களிடமும் உதவித்தொகை நிதிக்காக நேரடியாகக் கேட்டார்கள். அவர்களுக்குச் சாதகமாக ஒன்று இருந்தது: 1945-க்கும் 1975-க்கும் இடையே மானியத்தில் படித்தவர்கள் அப்போது நடுவயதிலும் ஓய்வுக் காலத்திலும், கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். தங்களுக்கு அரசு செய்ததை அடுத்தவனுக்குத் தாங்கள் செய்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல மில்லியன் பவுண்டு திரண்டது. பின்னாளில் ஏறத்தாழ இருநூறு மாணவர் இந்நிதியால் படிக்கும் நிலை உருவானது. அவர்களில் பலருக்குக் கட்டணம் முழுவதும் அல்லது மிகப் பெரும்பகுதி ஈடுசெய்யப்பட்டது. குறைந்த தொகையைப் பலருக்குப் பகிர்வதைவிட, உண்மையிலேயே இயலாதவருக்கு முழுமையாகக் கொடுப்பது என்ற இந்தத் தெரிவையே முழு நிகழ்விலும் சரியான முடிவாக நான் கருதுகிறேன். சாட்விக்குக்குக் கிடைத்தது பகுதி உதவி; அது அவருக்குப் பயன்படவில்லை.

ஆனால் இந்நிதியின் எல்லையைக் கணக்குப் போட்டே புரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக் கட்டணம் 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மூலநிதியைக் கரைக்காமல் ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுக்கலாம் என்றால், ஒரு மாணவனுக்கு நிரந்தரமாக ஓர் இடம் வைக்க 2,50,000 பவுண்டு வேண்டும். படிப்பு பதினொன்று முதல் பதினெட்டு வயதுவரை ஏழு ஆண்டு. ஆகவே ஆண்டுதோறும் ஒரே ஒரு புதிய மாணவனைச் சேர்க்க ஏழு இடம், அதாவது 17,50,000 பவுண்டு. ஆண்டுக்கு 200 பேர் சேரும் ஒரு பள்ளி, நேரடி மானியக் காலத்தைப் போலக் கால் பங்கை, அதாவது ஐம்பது பேரை, இலவசமாகச் சேர்க்க விரும்பினால் 8,75,00,000 பவுண்டு மூலநிதி தேவை. கட்டணம் உயர உயர இந்தத் தொகையும் அதே விகிதத்தில் உயரும். எவ்வளவு தாராளமான பழைய மாணவரும் 1944-இன் அரசு ஏற்பாட்டுக்கு முழு ஈடாக முடியாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நடைமுறையில் இத்தகைய பள்ளிகள் ஒரு பகுதியை மூலநிதியின் வருவாயிலிருந்தும், ஒரு பகுதியை ஆண்டுதோறும் வரும் நன்கொடையிலிருந்தும், ஒரு பகுதியைக் கட்டண வருமானத்திலிருந்தும் எடுத்தே சமாளிக்கின்றன.

கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவு

1903 முதல் 1924 வரை ஹை மாஸ்டராக இருந்த ஜான் லூயிஸ் பேட்டன், மாணவரை மலைப்பகுதிகளுக்கு நடைப்பயணமும் கூடார முகாமும் அழைத்துச் செல்லும் வழக்கத்தைப் பள்ளியில் வேரூன்றச் செய்தார். அதன் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது: துணிக் கூடாரம், தரையில் படுக்கை, தாங்களே சமைத்த சாப்பாடு. வசதி குறைவே முகாமை எல்லோருக்கும் எட்டும் விலையில் வைத்தது. தனியார் பள்ளிகளின் பயணம் என்றால் விமானம் ஏறுவது என்று ஆகிவிட்ட காலத்தில், கட்டணம் முழுவதும் விலக்குப் பெற்ற மாணவன் பயண விண்ணப்பத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பையிலேயே வைத்திருப்பான். சீருடை, மதியச் சாப்பாடு, ஊர் தாண்டி வரும் பேருந்துக் கட்டணம், இசைக்கருவிப் பயிற்சி ஆகியவையும் அப்படியே. 1525 ஆவணம் சேவல் சண்டையைத் தடை செய்தது ஒழுக்கத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை; அதன் பெயரால் காசு பிரிப்பதைத் தடுக்கவும்தான் என்று கருதுகிறேன். உதவித்தொகைத் திட்டங்கள் முதிர்ந்த பள்ளிகள் இன்று இச்செலவுகளையும் சேர்த்தே ஏற்கின்றன. அப்படிச் செய்யாத பள்ளியில் ‘முழு உதவி’ என்ற அறிவிப்பு பாதி உண்மை.

அண்மை நிலை

2006 அறக்கட்டளைச் சட்டம், தனியார் பள்ளிகள் அறக்கட்டளை என்ற தகுதியையும் அதன் வரிச்சலுகைகளையும் வைத்துக்கொள்ளத் தங்கள் பொதுப்பயனை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கேள்வியைக் கூர்மையாக்கியது. 2011-இல் தீர்ப்பாயம், ஏழைகளுக்கு வெறும் பெயரளவுக்கு மேற்பட்ட பயன் இருக்க வேண்டும், ஆனால் எவ்வளவு, எப்படி என்பதைப் பள்ளிப் பொறுப்பாளர்களே தீர்மானிக்கலாம் என்றது. 2008-இல் மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் பதினோரு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான இளையோர் பிரிவைத் தொடங்கியது. நிதிநிலையில் இது புரிந்துகொள்ளத்தக்க முடிவு. எனினும், இளம் வயதிலிருந்தே கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைகள் பதினோராவது வயதில் மேல்நிலைக்கு நகரும்போது, அரசுத் தொடக்கப்பள்ளியிலிருந்து வெளியிலிருந்து வருபவருக்கு எஞ்சும் இடம் எவ்வளவு என்பதைப் பொறுப்பாளர்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது; அதே ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அறக்கட்டளைப் பள்ளிகளுக்கான கட்டட வரிச் சலுகையும் நீக்கப்பட்டது. முழு உதவி பெறும் மாணவரை இவ்வரி நேரடியாகத் தொடுவதில்லை. தொடுவது, உதவிக்குத் தகுதி பெறாத, ஆனால் திக்குமுக்காடிக் கட்டணம் கட்டும் நடுத்தர வருமானக் குடும்பத்தை. அக்குடும்பங்கள் விலகினால், கட்டண வருமானத்திலிருந்து உதவித்தொகைக்கு எடுக்கப்படும் பங்கும் சுருங்கும். 1976, 1997 ஆகிய இரண்டிலும் அரசு பணம் தருவதை நிறுத்தியது. இம்முறை அரசு பள்ளியின் கட்டணத்திலிருந்தே பணம் எடுக்கிறது. கையிருப்பில் மூலநிதி உள்ள பள்ளி இதைத் தாங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், 1997-க்குப் பின் எடுத்த முடிவின் மதிப்பு இப்போதுதான் முழுமையாகச் சோதிக்கப்படும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்நிகழ்வை ஒத்த நிலையில் உள்ள பள்ளிகள் முதலில் கவனிக்க வேண்டியது காலம். அரசுப் பணம் சீராக வரும் ஆண்டுகளிலேயே, அதன் ஒரு சிறு பகுதிக்கு ஈடான தொகையை நன்கொடையாகத் திரட்டித் தனி நிதியாக ஒதுக்கியிருந்தால், 1976-க்கும் 1981-க்கும் இடைப்பட்ட ஐந்து அணிகளுக்கு ஏதேனும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த ஐந்து அணிகளின் இழப்பை எந்தப் பிற்கால நிதியாலும் ஈடுசெய்ய இயலாது.

அடுத்தது, பிள்ளைகளைத் தேடிப் போவது. நேரடி மானியக் காலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் செய்த வேலையை இன்று யாரும் பள்ளிக்குச் செய்து தரப்போவதில்லை. ஆகவே, இலவச உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகள் அதிகமுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு ஓர் ஆசிரியரை அதற்கென்றே அனுப்பி, ஒன்பது, பத்து வயதிலேயே தேர்வுக்கு இலவசப் பயிற்சி தந்து, விண்ணப்பத்தையும் வருமானச் சான்றையும் பெற்றோருடன் உட்கார்ந்து நிரப்ப உதவ வேண்டும். பணம் மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தால், அது 1980-களில் போன இடத்துக்கே மீண்டும் போகும்.

கடைசியாக, பதிவு. இடம் வழங்கப்பட்டும் மறுத்த ஒவ்வொரு குடும்பத்திடமும் காரணம் கேட்டு எழுதிவைப்பதும், எந்தத் தொடக்கப்பள்ளியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை ஆண்டுதோறும் ஆட்சிக்குழுவின் முன் வைப்பதும் அதிகச் செலவு பிடிக்கும் வேலையன்று. உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கையைப் பள்ளிகள் விரும்பி வெளியிடுகின்றன. மறுத்தோர் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.